பெருந்தொற்றுக் காலத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவிட் பெருந்தொற்றுக்காக 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, நீலகிரியில் மாற்றுத்திறன் குழந்தை உள்ள வீடுகளில் பள்ளி, அங்கன்வாடி, இயன்முறைப் பயிற்சி, பஸ் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. கூடலூர், பந்தலூர் பக்கம் பலருக்கு அவசரம் என்றால் கேரளத்தில் உள்ள பக்கத்து ஊர் சுல்தான் பத்தேரிதான். எல்லை மூடப்பட்டதும் அதுவும் எட்டாமல் போனது. ஏப்ரல் 20 முதல் தேயிலைத் தோட்டங்கள் பாதி ஆட்களோடு வேலையைத் தொடங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் பள்ளியும் அங்கன்வாடியும் திறக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, தானாக எழுந்து உட்கார முடியாத பிள்ளையை யாரிடம் விட்டுப் போவார் என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் பதில் இல்லை.

மலையில் இந்தக் குழந்தைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது இந்த வீடுகள் மறுபடியும் தனியாக விடப்படக் கூடாது. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாற்றுத்திறன் இல்லாத குழந்தையாக இருந்தால் இதைச் செய்வோமா? இந்தக் குழந்தையிடம் கேட்டோமா? பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் பெரும்பாலான அநியாயங்கள் இந்த இரண்டில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும்.

படி 1: குழந்தையின் பெயர் அரசின் பட்டியலில் இருக்கட்டும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 8ஆவது பிரிவு பேரிடர்க் காலப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அது சொல்கிறது. இது சட்டப்படி அவர்களுடைய கடமை. ஆகவே ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, உங்கள் குழந்தை அந்தப் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மனுவில் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. எஸ்டேட் பெயர், டிவிஷன் (எஸ்டேட்டின் பிரிவு), லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எண், கடைசியாக வண்டி வரும் இடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மலையில் முகவரி என்பது இவ்வளவும் சேர்ந்ததுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் யுடிஐடி (தனித்துவ அடையாள எண்) அட்டையும் இல்லாத குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள், முக்கியமாகப் பழங்குடி கிராமங்களில். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய், 2016 சட்டம் மாற்றுத்திறனாக ஏற்கும் 21 வகைகளில் ஒன்று என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பனியர், குறும்பர் குடும்பங்களில் இந்த நோய் உள்ள குழந்தைக்குச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. இயன்முறை, பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. நல அலுவலகத்தில் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: குழந்தையைப் பற்றி ஒரு பக்கத் தாள் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தை, அம்மா இல்லாத வார்டில், முகம் முழுக்க மூடிய ஆட்களுக்கு நடுவே படுத்திருக்கிறது. பேச்சு வராது. தாகத்தைச் சொல்லத் தெரியாது. வலியில் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டால், 'இது இப்படித்தான் செய்யும் போல' என்று செவிலியர் நினைத்துவிடலாம். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்காகப் பேசப்போவது இந்தத் தாள்தான்.

குழந்தையே பேசுவதுபோல எழுதினால் படிப்பவர் மனதில் நிற்கும். இப்படி:

'எனக்கு 9 வயது. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு மூளை முடக்குவாதம். நீங்கள் பேசுவது எனக்குப் புரியும், பதில் சொல்லத்தான் நேரம் ஆகும். ஆமாம் என்றால் மேலே பார்ப்பேன், இல்லை என்றால் கண்ணை மூடுவேன். வலித்தால் அழமாட்டேன், பல்லைக் கடிப்பேன். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறும், கஞ்சி பதத்தில் ஸ்பூனால் கொடுங்கள். படுக்க வைத்து எதுவும் ஊட்டாதீர்கள். வலது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இருட்டு பயம். என் நீலக் கம்பளியை எடுத்துவிடாதீர்கள்.'

இதற்குக் கீழே மருத்துவத் தகவல்கள்: எடை, மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும், ஒவ்வாமை, ரத்த வகை, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், இரண்டு பேருடைய போன் எண். குழந்தை வீட்டில் படுகு, பனியர் மொழி, குறும்பர் மொழி, மலையாளம் பேசுகிறதென்றால் அதையும் எழுதி, பத்துச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தம் போட்டுவிடுங்கள்: தண்ணீர், வலி, போதும், சிறுநீர், அம்மா, குளிர், பசி, வேண்டாம், தூக்கம், பயம்.

இதை எழுதும்போது குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன பிடிக்காது?' என்று கேளுங்கள். பேச வராத பிள்ளையிடம் படம் காட்டிக் கேளுங்கள். பதில் வர ரொம்ப நேரம் ஆகலாம், காத்திருங்கள். தன்னைப் பற்றி எழுதிய தாளில் தன் பங்கு இருப்பது குழந்தையின் உரிமை. சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அது சொல்லும் விஷயம் ஏதாவது இருந்தால் அதைத் தனித்தாளில் எழுதி டாக்டரிடம் மட்டும் கொடுங்கள்.

நாலு பிரதி எடுத்து வையுங்கள். வீட்டுச் சுவரில் ஒன்று, குழந்தையின் பையில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, கிராம சுகாதார செவிலியரிடம் ஒன்று. மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள்.

படி 3: மருந்து தீரக் கூடாது

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதாலேயே கடுமையான வலிப்பு வரலாம். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபென், தசைச்சிதைவு உள்ள பிள்ளைகள் சாப்பிடும் ஸ்டீராய்டு ஆகியவையும் சட்டென்று நிறுத்தக் கூடாதவை. எனவே எப்போதும் ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். மாதம் முடிந்து வாங்குவதை விட்டுவிட்டு, பாதி மாதத்திலேயே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். ஊரடங்கு வந்தால் மட்டும் என்று இல்லை, ஜூலை, ஆகஸ்டில் மண் சரிந்து ரோடு அடைபட்டாலும் இதே நிலைமைதானே.

மருந்துச் சீட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்து கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எது கொடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் ஊருக்கு வரும் பணியாளர் யார் என்று சாதாரண நாட்களிலேயே தெரிந்து வைத்திருங்கள்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108.

படி 4: குளிர், புகை, காற்று

சமவெளியில் எழுதப்பட்ட எல்லா அறிவுரையும் 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்றே சொல்கிறது. ஊட்டியில் டிசம்பர் இரவில் ஜன்னலைத் திறந்தால் குழந்தை விறைத்துப்போகும். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்குக் குளிரில் இறுக்கம் கூடும். அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைக்குக் குளிரே வலியைக் கிளப்பிவிடும். மூடி வைத்தாலோ கிருமி அறைக்குள்ளேயே தங்கும். இதற்கு இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. வெயில் ஏறியதும், காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை, எதிரெதிராக உள்ள கதவையும் ஜன்னலையும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தையைக் கம்பளி, தொப்பி, சாக்ஸோடு வெயில் படும் இடத்தில் உட்கார வையுங்கள். இரவில் மூடினாலும் மேலே ஒரு சிறு திறப்பு இருக்கட்டும்.

கரி அடுப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கதவை மூடிக்கொண்டு, அறைக்குள் கரித்தணல் வைத்துத் தூங்குவது உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. எழுந்து ஓட முடியாத குழந்தை இருக்கும் அறையில் அதை வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, உடம்பில் நேரடியாகப் படாமல் வையுங்கள். கால் உணர்ச்சி குறைவாக உள்ள பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். சுட்டாலும் அதற்குத் தெரியாது.

லைன் வீட்டில் தனி அறை எங்கே இருக்கிறது? ஒரு அறையும் ஒரு சமையல் இடமும், வரிசைக்கு ஒரு குழாயும்தான். அங்கே 'தனிமைப்படுத்துங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. முடிந்ததைச் செய்யலாம். நோய் வந்தவர் கதவுப் பக்கம், குழந்தை எதிர்ச்சுவர்ப் பக்கம், தலைமாடு கால்மாடாகப் படுக்கை. குழந்தைக்கு ஊட்டுபவர் ஒரே ஆளாக இருக்கட்டும், முகக்கவசத்தோடு. பொதுக்கழிப்பறைக்குக் குழந்தையைத் தூக்கிப் போவதற்குப் பதிலாக வீட்டுக்குள் நாற்காலிக் கழிப்பறை வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தின் காலி வீடு ஒன்றைத் தனிமை அறையாகத் தரச்சொல்லி நிர்வாகத்திடம் வரிசையில் உள்ள எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

சக்கர நாற்காலியின் கைப்பிடி வளையம், ஊன்றுகோல் பிடி, வெள்ளைக்கோல், காது கேட்கும் கருவி, படம் காட்டிப் பேச உதவும் தகவல் பலகை எல்லாம் குழந்தையின் கைபோலத்தான். கை கழுவும்போது இவற்றையும் துடையுங்கள். கருவிகளில் தண்ணீர் ஊற்றாமல் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

படி 5: முகக்கவசமும் பரிசோதனைக் குச்சியும்

5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2020இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து சொன்னார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு எந்த வயதிலும் கட்டாயம் கூடாது, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தானாகக் கழற்ற முடியாத குழந்தை, எச்சில் அதிகம் வழியும் குழந்தை, மூச்சுச் சிரமம் உள்ள குழந்தை ஆகியோருக்குப் போடாதீர்கள். அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

போட முடிகிற பிள்ளைக்கு மெதுவாகப் பழக்கலாம். முதலில் முகக்கவசத்தைப் பொம்மைக்குப் போடட்டும். அப்புறம் அம்மாவுக்குப் போட்டுவிடட்டும். பிறகு தன் மூக்குக்கு முன்னால் பிடித்துப் பார்க்கட்டும். பிறகுதான் காதில் மாட்டுவது, அதுவும் ஒரு பாட்டு முடியும் வரை. துணி உறுத்துகிறது என்றால் துணியை மாற்றுங்கள், காதில் பிடிக்காது என்றால் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளையிடம் பேச, வாய் தெரியும்படி கண்ணாடித்தாள் வைத்த முகக்கவசம் தைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் தள்ளி நின்று கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

சளிப் பரிசோதனையில்தான் குழந்தையின் மனம் அதிகம் உடைகிறது. நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, மூக்குக்குள் குச்சி நுழைகிறது. அந்தப் பயம் வருடக்கணக்கில் தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பல் மருத்துவரிடமும் போகாது, ஊசிக்கும் வராது. முந்தின நாளே காதுக்குடையும் பஞ்சுக்குச்சியைக் காட்டி, மூக்கின் வெளியே தொட்டுக்காட்டிப் பழக்குங்கள். குழந்தையை மடியில், முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி உட்கார வையுங்கள். 'ஐந்து எண்ணுவோம், முடிந்துவிடும்' என்று சொல்லி, சொன்னபடி ஐந்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தொண்டையில் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் தொற்று உறுதியாகி, குழந்தைக்கும் அதே அறிகுறி இருந்தால், இந்தப் பரிசோதனையால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மாறாது என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது.

பிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரே ஒருவர், குழந்தைக்குத் தெரிந்தவர், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே பிடிக்கட்டும். 'ஒன்றுமே பண்ண மாட்டாங்க' என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள்.

படி 6: வீட்டில் கழியும் நாள்

கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது, கட்டில் காலில் துணியால் கட்டிவிட்டுப் போவது இரண்டும் நம் மலையில் நடக்கின்றன. அதைச் செய்யும் தாய் கொடுமைக்காரி இல்லை. அன்றைய கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனாலும் அதைச் சரி என்று என்னால் எழுத முடியாது. தீ, பாம்பு, வலிப்பு, மண்சரிவு, அத்துமீறி உள்ளே வரும் ஆள் என்று பூட்டிய வீட்டில் எது வந்தாலும் குழந்தைக்குத் தப்பிக்க வழியில்லை.

வரிசையில் உள்ள மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எல்லா வீட்டோடும் கலக்காமல் அந்த நாலு வீடு மட்டும் ஒரு குழுவாக இருந்தால் தொற்றுக்கும் பாதுகாப்பு. பார்த்துக்கொள்பவர் பெண்ணாக, குழந்தைக்குப் பழக்கமானவராக, இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில் இருப்பவராக இருக்கட்டும். பராமரிப்பாளர்கள் போய்வரத் தடையிலிருந்து விலக்கு அல்லது எளிய முறையில் பாஸ் தர வேண்டும் என்று 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அடுத்த முறை சோதனைச் சாவடியில் நிறுத்தினால் கேட்பதற்கு இது முன்னுதாரணம்.

தினமும் மாறாத மூன்று விஷயங்களை வையுங்கள், போதும்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், வெளியே வெயிலில் இருக்கும் நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நடக்காத பிள்ளையின் கைகால்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை நீட்டி மடக்கிவிடுவதை நிறுத்தாதீர்கள். ஊரடங்கில் பல பிள்ளைகளின் குதிகால் தரையில் படாமல் போனதற்கும் முழங்கால் மடங்கியே நின்றுபோனதற்கும் இந்தப் பயிற்சி நின்றதுதான் காரணம். இயன்முறை மருத்துவரிடம் வீடியோவில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பதிவிறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் நிவாரணப் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது, கேட்டு வாங்குங்கள். யாராவது தொட்ட விதம் குழந்தையை மாற்றியிருக்கிறது என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. ஊர் என்ன சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

நிவாரணம் கொடுக்க வருபவர்கள் குழந்தையைப் போட்டோ எடுக்கக் கேட்பார்கள். அரிசி வாங்குவதற்குக் குழந்தையின் முகம் விலை அல்ல. வேண்டாம் என்று சொல்லலாம், அரிசியையும் வாங்கிக்கொள்ளலாம்.

படி 7: காய்ச்சல் வந்தால்

குழந்தை நன்றாக இருக்கும்போதே அதன் வழக்கமான அளவுகளைக் குறித்து வைப்பதுதான் இங்கே அடிப்படை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருப்பதைவிட இங்கே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒன்றிரண்டு புள்ளி குறைவாகவே காட்டலாம். விரல் சில்லிட்டிருந்தால், விரலில் மாட்டி அதை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். எனவே கையைத் தேய்த்துச் சூடாக்கி, குழந்தை அசையாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நல்ல நாளில் வந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். காய்ச்சல் நாளில் அதைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். 94க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது, 90க்குக் கீழே போனால் அவசரம்.

மூச்சையும் எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது, ஒரு முழு நிமிடம், வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை நிமிடத்துக்கு 50, 1 முதல் 5 வயது வரை 40, அதற்கு மேல் 30 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலா எலும்புக்கு இடையே குழி விழுவது, உதடு நீலமாவது, தண்ணீர் குடிக்காதது, எழுப்பினால் எழாதது ஆகியவை வந்தால் எண்ண வேண்டியதே இல்லை, கிளம்புங்கள்.

12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆறு நிமிடம் நடக்கவைத்து ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை மத்திய அரசின் 2021 கோவிட் வழிகாட்டுதலில் இருந்தது. நடக்காத பிள்ளைக்கு அது பொருந்தாது. தவழும்போதோ, ஊட்டும்போதோ, டயப்பர் மாற்றும்போதோ அளவு இறங்குகிறதா என்று பாருங்கள்.

சில குழந்தைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

அரிவாள் செல் சோகை இருந்தால் 101 டிகிரி காய்ச்சலே அவசரம். அதோடு நெஞ்சுவலியோ இருமலோ இருந்தால் இரவானாலும் கிளம்ப வேண்டும். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நிமிர்த்தி உட்கார வைத்து, ராகிக்கூழ் பதத்தில், சிறு ஸ்பூனில் ஊட்டுங்கள். ஊட்டி முடித்து அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போகும் உணவால் வரும் நிமோனியா தொற்றைப் போலவே இருக்கும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இதயக் குறையும் தைராய்டுக் குறையும் சேர்ந்திருக்கலாம். முன்பே பார்த்து வைத்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடைக்கேற்ப, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் சொல்லிக் கொடுக்கும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

படி 8: ஆஸ்பத்திரியில்

2020இலும் 2021இலும் நீலகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, 2022இல்தான் திறக்கப்பட்டது. இப்போதும் சில சிகிச்சைகளுக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். மலைப்பாதையில் போகும்போது வாந்தி வந்து புரையேறும் ஆபத்து உண்டு. கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு நிறைய ஊட்டாதீர்கள். ஆம்புலன்சில் பக்கவாட்டில், தலை சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். வண்டி வராத இடத்திலிருந்து தூக்கிவர வேண்டும் என்றால், யார் யார் தூக்குவார்கள் என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

உள்ளே போனதும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, கூட ஒரு ஆள். பேசத் தெரியாத குழந்தைக்குத் துணை ஆள் என்பது காது கேட்காதவருக்குக் கருவி மாதிரி, அது சலுகை இல்லை. தொற்று ஏற்கெனவே வந்து குணமானவரையோ தடுப்பூசி போட்டவரையோ அனுப்புங்கள். இரண்டாவது, முன்னுரிமை. 2016 சட்டத்தின் 25ஆவது பிரிவு, கவனிப்பிலும் சிகிச்சையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது.

மூன்றாவதுதான் கடினமானது. படுக்கையும் வென்டிலேட்டரும் போதாதபோது யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வென்டிலேட்டருக்கு ஏற்றவர்கள் இல்லை என்று 2010இல் எழுதிவைத்த திட்டம் ஒன்று இருந்தது. அரசிடம் புகார் போன பிறகு, 2020 ஏப்ரலில்தான் அதை விலக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் முதியவர்களின் உடல் தளர்ச்சியை அளக்கும் அட்டவணையை வைத்துத் தீவிர சிகிச்சையைத் தீர்மானிக்கும் நெறிமுறை 2020 மார்ச்சில் வந்தது. அன்றாடம் அடுத்தவர் உதவி தேவைப்படுகிற இளம் மாற்றுத்திறனாளிகளும் அதில் அடிபடுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களிலேயே அவர்களுக்கு அது பொருந்தாது என்று திருத்தினார்கள். இரண்டு இடத்திலும் குடும்பங்களும் சங்கங்களும் வாய் திறந்ததால்தான் மாறியது.

நம் டாக்டர்கள் இரவு பகல் பாராமல் நின்றவர்கள். அவர்களிடம் சண்டை போட வேண்டாம், தெளிவாகப் பேசினால் போதும். 'டாக்டர், இவ நடக்க மாட்டா, பேச மாட்டா. அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான், இந்த நோயால வந்தது இல்ல. போன வாரம் வரைக்கும் சிரிச்சு விளையாடிட்டு இருந்தா. இந்த நோயிலிருந்து பிழைப்பாளாங்கிறத மட்டும் பாருங்க.' இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நடக்க முடியாததும் பேச முடியாததும் உயிர் பிழைக்கும் வாய்ப்பின் அளவுகோல் அல்ல. ஒரு குழந்தையின் வாழ்க்கை வாழத்தக்கதா என்று வெளியிலிருந்து மதிப்பிடும் உரிமை யாருக்கும் இல்லை. சிகிச்சை வேண்டாம் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லுங்கள், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், ஒருவரிடமாவது போனில் பேசிவிட்டுப் போடுங்கள்.

படி 9: அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தொற்று வந்தால்

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் யார் என்று எழுதி வையுங்கள். சித்தி, பெரியம்மா, பக்கத்து லைன் அக்கா, யாராக இருந்தாலும் சரி. மாதத்தில் ஒரு நாள் அவர் குழந்தைக்கு ஊட்டி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பழகட்டும். அப்போதுதான் அந்த நாளில் குழந்தை மறுக்காது. விடுதிக்கு அனுப்புவது கடைசி வழி. அனுப்பினாலும் தினமும் போனில் முகம் பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டும்.

வீட்டில் சாவு நடந்தால் மாற்றுத்திறன் குழந்தையிடம் மட்டும் மறைக்கிறோம். 'பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொன்னால், அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அக்காவிடமும் அண்ணனிடமும் உண்மை சொன்னால் இதனிடமும் சொல்லுங்கள். எளிய சொல்லில் போதும்: 'பாட்டி இறந்துட்டாங்க. உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. இனி வர மாட்டாங்க. உன் மேல தப்பில்ல.' பாட்டியின் சேலை வேண்டும் என்றால் கொடுங்கள். சடங்கில் அதற்கும் ஒரு இடம் கொடுங்கள், ஒரு கைப்பிடி அரிசி போட வைப்பதாக இருந்தாலும்.

பெற்றோருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் அரை நாள் அப்பா முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்வது உதவி அல்ல, அவருடைய வேலை. மனம் தாங்க முடியாமல் போனால் அரசின் மருத்துவ உதவி எண் 104இல் பேசலாம்.

படி 10: தடுப்பூசியும் பள்ளியும்

2022இல் இந்தியாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் கோவிட் தடுப்பூசி வந்தது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, சுற்றி இருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து போடலாம் என்று 2021 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. முகாம் நடக்கும் இடத்துக்கு வர முடியாது என்றால் அதைக் கேட்டுப் பெறுங்கள். தயங்கும் குடும்பங்களை மிரட்டாதீர்கள். பழங்குடி கிராமங்களில் அவர்கள் மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் உட்கார்ந்து பேசிய இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. பெருந்தொற்றின் நடுவே வழக்கமான தடுப்பூசிகள் விடுபட்டிருந்தால் அவற்றையும் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரை நவம்பர் 1 அன்றும் பள்ளிகள் திறந்தன. 'உங்க பிள்ளை கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும்' என்று பள்ளி சொன்னால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது பாகுபாடு. டாக்டர் சொன்ன காரணத்தால் நீங்களே நிறுத்திவைத்தால், வீட்டுக்கு வரும் சிறப்பு ஆசிரியரைக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் கேட்டு எழுதிக் கொடுங்கள். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தக் குழந்தையின் சட்ட உரிமை.

திரும்பப் பள்ளிக்குப் போகும் முன் காலணி, காலைத் தாங்கும் காலிப்பர், சக்கர நாற்காலி எல்லாம் அளவு சரியாக இருக்கிறதா பாருங்கள். குழந்தை வளர்ந்திருக்கும், கருவி வளர்ந்திருக்காது. முதல் நாள் பள்ளிவாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிடுவதா, ஒரு பீரியட் உட்காருவதா, முழு நாளா என்று குழந்தையிடமே கேளுங்கள். யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் கேட்டு, அதை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 1இல் சொன்ன மனுவை ஜூன் மழைக்கு முன் கொடுத்துவிடுவது நல்லது. ஒப்புகைச் சீட்டு வாங்கிக் குழந்தையின் தாளோடு சேர்த்து வையுங்கள். எடை, மருந்து அளவு, போன் எண் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளில் திருத்திவிடுங்கள்.